பஸ், ரயில் வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வேலை: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழி



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் நாட்களில் நம் மஹல்லாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "அடுத்து பிள்ளையை எதில் சேர்ப்பது?" மதிப்பெண் நிறைய இருந்தால் பொறியியல், மருத்துவம் என்று பேச்சு போகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மாமாவின் கடையில் உட்காரு, செல்போன் சர்வீஸ் கற்றுக்கொள், பதினெட்டு வயது ஆனதும் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குப் போ என்று முடிந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளில் பலர் கைவேலையில் கெட்டிக்காரர்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பவர்கள், வீட்டு மிக்ஸியைச் சரிசெய்பவர்கள், ரிச்சி தெருவுக்குப் போய் உதிரிபாகம் வாங்கி வந்து போர்டை ஓட வைப்பவர்கள். அவர்களின் கைத்திறமைக்கு ஏற்ற ஒரு தொழிலைப் பற்றி இந்த இதழில் சொல்ல விரும்புகிறோம். பஸ், மின்சார ரயில், மெட்ரோ ஆகிய பொதுப் போக்குவரத்து வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸ் பழுதுகளைப் பார்க்கும் தொழில்நுட்பப் பணி அது. அதன் நன்மைகளோடு சிரமங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

பஸ்ஸில் எலக்ட்ரானிக்ஸ் எங்கே இருக்கிறது?

முப்பது வருடத்துக்கு முந்தைய பஸ்ஸில் மின்சாரம் என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், விளக்கு, ஹாரன். இவ்வளவுதான். ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு முழு வண்டியையும் பார்த்துவிடுவார்.

இன்றைய நிலை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 புகை விதி அமலுக்கு வந்தது. அதன்படி வரும் டீசல் பஸ்ஸில் எரிபொருள் எவ்வளவு செல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. பணிமனைகளில் இதை ஈ.சி.யு. என்பார்கள். புகைக்குழாயில் வெப்ப சென்சார், புகையின் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார், யூரியா கரைசலைத் தெளிக்கும் பம்ப் எல்லாம் உண்டு. இவற்றில் ஒன்று கெட்டாலும் கணினி என்ஜினின் வலுவைக் குறைத்துவிடும். மேம்பாலத்தில் பஸ் திணறும்.

இவை தவிர எல்.ஈ.டி. வழித்தடப் பலகை, அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் அறிவிப்புக் கருவி, கேமரா, தானியங்கிக் கதவு, பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஆகியவையும் உள்ளன. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் விதி. இரவு வேலை முடிந்து தனியாக வரும் ஒரு பெண் ஆபத்து நேரத்தில் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். பின்னால் உள்ள வயர் விட்டுப்போயிருந்தால் அந்தச் சிவப்புப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக். அந்த வயரைச் சோதித்து வைப்பவர்தான் நாம் சொல்லும் தொழில்நுட்பப் பணியாளர்.

ஒரு பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உதாரணத்துக்கு ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். மழை பெய்த மறுநாள் ஒரு பஸ் பணிமனைக்கு வருகிறது. ஓட்டுநர் எழுதிய குறை: "மீட்டர் முள் திடீரென்று விழுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சில நேரம் வண்டி இழுக்கவில்லை."

அனுபவமில்லாதவர் உடனே, "ஈ.சி.யு. போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார். அது விலை உயர்ந்த பாகம். மாற்றிய பிறகும் அதே பழுது திரும்ப வரும்.

முறையாகப் படித்தவர் வரிசையாகப் போவார். முதலில் பேட்டரி. பஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் அமைப்பாக வைத்திருப்பார்கள். என்ஜின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்வதால் மீட்டர் சுமார் 28 வோல்ட் காட்ட வேண்டும். காட்டுகிறது. அடுத்து எர்த். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையில் வோல்ட் பார்க்கிறார். அங்கே வோல்ட் அதிகம் காட்டினால் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அதுவும் சரியாக இருக்கிறது.

மூன்றாவதாக, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி. என்ஜின் கணினி, மீட்டர் பலகை, பிரேக் கணினி எல்லாம் முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகத்தான் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. இதற்கு கேன் லைன் என்று பெயர். இந்தக் கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இணையாக உள்ள இரண்டு 120 ஓம்களைச் சேர்த்து அளந்தால் 60 ஓம் வர வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு மீட்டரை வைக்கிறார். 120 காட்டுகிறது. ஒரு கோடி இணைப்பில் இல்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

இனித் தேட வேண்டியது அந்தக் கம்பி போகும் பாதையை மட்டும்தான். படிக்கட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், பச்சைக் களிம்பு, அரித்துப்போன பின். அந்தப் பின்னை மாற்றுகிறார். அத்துடன் விடாமல், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்து, கதவோர ரப்பர் கிழிந்திருப்பதைக் கண்டு அதையும் மாற்றச் சொல்கிறார். மீண்டும் அளக்கிறார், 60 ஓம். கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார்.

இந்த வேலைக்குப் பயன்பட்டது ஒரு மல்டிமீட்டர், பள்ளியில் படித்த ஓம் விதி, பொறுமை. இந்தத் தொழிலின் அடிப்படை இதுதான். ஆசிலோஸ்கோப், லேப்டாப்பில் இயங்கும் ஸ்கேன் கருவி எல்லாம் உண்டு. ஆனால் அளந்து பார்த்து யோசிக்கத் தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

மின்சாரப் பஸ்கள் வந்த பிறகு

சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தள மின்சாரப் பஸ்கள் 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. முதல் கட்டத்தில் 120 பஸ்கள் வந்தன. இவற்றில் என்ஜின் கிடையாது, என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை, புகைக்குழாய் இல்லை. டீசல் மெக்கானிக்கின் வேலை குறைகிறது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரின் வேலை கூடுகிறது.

மின்சாரப் பஸ்ஸின் பெரிய பேட்டரியில் இருப்பது பல நூறு வோல்ட் நேர்மின்சாரம். அதை மோட்டாருக்கு ஏற்ற மூன்று ஃபேஸ் மாறுமின்சாரமாக்கித் தருவது இன்வெர்ட்டர். பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும். இத்தனைக்கும் பிறகு உள்ளே அதே 24 வோல்ட் அமைப்பும் இருக்கிறது. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் காண்டாக்டர்கள் இந்த 24 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. சிறிய பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் பஸ் நகராது. பழைய பாடத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு புதிய வண்டியிலும் வேலை உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயர் அழுத்த மின்சாரம். அதற்கென்று பயிற்சி பெற்று அனுமதி பெற்றவர் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன நிமிடங்கள் வரை காத்திருந்து, இணைப்பைத் துண்டித்துப் பூட்டு போட்டு, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மின்காப்புக் கையுறையை ஒவ்வொரு முறையும் காற்று அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. "சீக்கிரம் முடி, வண்டி வெளியே போகணும்" என்று மேலாளர் அவசரப்படுத்தினாலும், "அளக்காமல் தொட மாட்டேன்" என்று சொல்லும் உறுதி பிள்ளைக்கு வேண்டும். பெற்றோர் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இது.

ரயிலும் மெட்ரோவும்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் ரயில் பெட்டிகளைத் தயாரித்து வருகிறது. முதல் வந்தே பாரத் ரயில் 2018ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. புறநகர் மின்சார ரயில்களைப் பராமரிக்க ஆவடியிலும் தாம்பரத்திலும் பணிமனைகள் உள்ளன. 2015ல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவுக்குக் கோயம்பேட்டில் பணிமனை இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் வரும் மெட்ரோ வண்டிகள் ஓட்டுநர் இல்லாமலே இயங்கும் வகையைச் சேர்ந்தவை. அத்தகைய வண்டியில் கதவு சரியாக மூடியதா என்று பார்ப்பதும் சென்சார்தான், புறப்படலாம் என்று அனுமதிப்பதும் கணினிதான். அவற்றைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

செல்போன் கடையில் கற்றது போதுமா?

பாதி போதும். சால்டரிங் கை, ஹாட் ஏர் மெஷின், போர்டைப் பார்த்துப் பாதை கண்டுபிடிக்கும் கண் எல்லாம் பெரிய சொத்து. எரிந்துபோன கன்ட்ரோல் போர்டைச் சரிசெய்யும் மேசை வேலைக்கு இதுவே அடித்தளம்.

மீதிப் பாதி இரண்டு விஷயங்கள். முதலாவது, வேலைப் பழக்கம். கைபேசியில் ஒரு ஜம்பர் வயர் போட்டு வண்டியை ஓட்டிவிடலாம்; கெட்டால் ஒரு ஆளின் போன் கெடும். பஸ்ஸில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போட்டுவிட்டால், அடுத்த முறை ஃபியூஸ் உருகாது; வயர் உருகும். அறுபது பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இங்கே ஒவ்வொரு வேலையும் பதிவேட்டில் ஏறுகிறது, கையெழுத்து கேட்கப்படுகிறது.

இரண்டாவது, சான்றிதழ். பத்து வருடம் கடையில் வேலை செய்த பிள்ளையின் கைத்திறன் அந்தத் தெருவைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் "தகுதி" என்ற கட்டம் காலியாக இருக்கும். நம் பிள்ளைகள் பலர் இந்த ஒரு கட்டத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

என்ன படிக்கலாம்?

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நேரான வழி ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், மின்சார வாகன மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடப் பிரிவுகள். அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ., டிப்ளமோ சேர்பவர்களுக்கும் இது பொருந்தும். தகுதி விவரத்தைச் சேரும் நிறுவனத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. சேர்ந்தால் படிப்பு அத்தோடு முடிந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம்.

படித்து முடித்ததும் தவறவிடக் கூடாதது அப்ரண்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் ரயில்வேயும் பெரிய தொழிற்சாலைகளும் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. உதவித்தொகை உண்டு, முடிவில் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்ரண்டிஸ் முடித்தாலே நிரந்தர வேலை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ரயில்வே டெக்னீஷியன் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

ஏற்கனவே கடையில் வேலை செய்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பணி அனுபவம் உள்ளவர்கள் ஐ.டி.ஐ.யில் சேராமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடுகிறது. வயது, அனுபவ ஆண்டு ஆகிய நிபந்தனைகளை அந்த அறிவிப்பில் பார்த்து, அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ. முதல்வரிடம் விசாரியுங்கள். கடை முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வேலை செய்த பையனுக்கு உண்மையான அனுபவக் கடிதம் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அது ஒரு தாள். அவனுக்கு அது வாசல்.

வேலை எப்படி இருக்கும்?

எல்லா வேலையும் அரசு வேலை அல்ல. சென்னையின் மின்சாரப் பஸ்களை ஒப்பந்த அடிப்படையில் தனியார் நிறுவனம் இயக்கிப் பராமரிக்கிறது. வழித்தடப் பலகை, கேமரா, டிக்கெட் கருவி போன்றவற்றையும் பல இடங்களில் வெளி நிறுவனங்களே பராமரிக்கின்றன. ஆகவே முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும். ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கலாம். சேரும்போது கேட்க வேண்டியவை: நியமனக் கடிதம் உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? கையுறை, காலணி, கருவிகள் யார் தருவார்கள்? உயர் அழுத்தப் பயிற்சி தருவார்களா?

பகலில் பஸ்கள் சாலையில் இருப்பதால் பராமரிப்பின் பெரும்பகுதி இரவில் நடக்கும். இரவு ஷிஃப்ட் தவிர்க்க முடியாதது. ஜும்ஆவுக்குப் போக முடியுமா என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். பணிமனை ஷிஃப்டில் இரவும் காலையும் மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமைப் பகல் ஷிஃப்ட் விழும் வாரங்களில் சேரும்போதே மேற்பார்வையாளரிடம் பேசி, சக பணியாளரோடு நேரத்தை மாற்றிக்கொள்வதே நடைமுறை. அவர்களின் பண்டிகை நாளில் நாம் ஏற்றுக்கொண்டால், நம் தேவைக்கு அவர்கள் வருவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா? ஒத்துவரும். போர்டு பழுதுபார்க்கும் மேசை வேலை, சோதனைப் பிரிவு, மென்பொருள் ஏற்றும் பணி ஆகியவற்றில் உடல் பலத்தைவிடக் கவனமே முக்கியம். கிண்டியில் மகளிர்க்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

சேர்ப்பதற்கு முன் கண் பரிசோதனை ஒன்று அவசியம். வயர்களையும் தடைகளையும் நிறத்தை வைத்தே அடையாளம் காண்கிறோம். நிறக்குருடு இருந்தால் ரயில்வே மருத்துவத் தேர்வில் பல பணிகளுக்குத் தகுதி கிடைக்காது. இரண்டு வருடம் படித்த பிறகு தெரிவதைவிட முன்னதாகத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு

துபாயில் 2009லும், தோஹாவில் 2019லும், ரியாத்தில் 2024 டிசம்பரிலும் மெட்ரோ ஓடத் தொடங்கியது. இவற்றைப் பராமரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர்கள் தேவை. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோவோடு நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர் "டெக்னீஷியன்" விசாவில் போகிறார். சான்றிதழ் இல்லாதவர் அதே விமானத்தில் "ஹெல்பர்" விசாவில் போகிறார். சம்பளத்தில் தெரியும் இந்த வித்தியாசம் ஊரில் செலவழித்த இரண்டு வருடத்தால் வந்தது. போகும்போது ஒன்றிய அரசிடம் பதிவு பெற்ற முகவர் மூலமாகவோ, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவோ மட்டும் போங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள். "போக்குவரத்துக் கழகத்தில் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் வேலை" என்று வருபவருக்கும் இதே பதில்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

முதலில் பெயரைப் பாருங்கள். நம் வீடுகளில் ஆதாரில் "முகமது", மதிப்பெண் பட்டியலில் "முஹம்மத்", மாற்றுச் சான்றிதழில் இன்ஷியல் வேறு என்று இருப்பது சாதாரணம். ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் பிள்ளை நிற்க வேண்டி வரும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பே பள்ளியில் சரிசெய்துவிட்டால் வேலை சுலபம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கைக்கும் மாநில அரசுப் பணிக்கும் அது பயன்படும். ரயில்வே போன்ற ஒன்றிய அரசுப் பணிக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

மூன்றாவது, பிள்ளையிடம் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் உள்ள டார்ச் பேட்டரி, பழைய சார்ஜர், உடைந்த ஹெட்போன் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். வீட்டு மெயின் மின்சாரத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைப் பாருங்கள். பக்கங்கள் நிரம்பியிருந்தால், இந்த வழி அவனுக்கோ அவளுக்கோ பொருந்தும். விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ்களைச் சரிபார்க்கவும் உதவி தேவைப்பட்டால் அசல் சான்றிதழ்களுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூட இருந்து நிரப்பித் தருகிறோம்.